தம்பதி ஆலோசனை: முதல் நாளே சேர்த்து உட்கார வைக்கலாமா?

தொப்பூர்_கணவாய்:
கணவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மனைவி பாலக்கோட்டில் மாமியாரோடு. இப்படி ஒரு தம்பதி வந்தால் நம்ம பக்கம் ஆலோசகர்கள் பலர் மனைவியை மட்டும் நாலைந்து தடவை பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கணவரைக் கூப்பிடுகிறார்கள். இது தப்பு. அதற்குள் ஆலோசகர் மனசில் ஒரு பக்கக் கதை ஊறிவிடும். வருகிறவருக்கு ‘தீர்ப்பு எழுதியாச்சு’ என்று வாசலிலேயே தெரிந்துவிடும். வீட்டிலோ அந்தப் பெண்ணுக்குத்தான் ‘மனசு சரியில்லாதவள்’ என்ற பெயர். முதல் சந்திப்பே இருவரும் சேர்ந்து, 75 முதல் 90 நிமிடம். தனிநபருக்கான 50 நிமிடம் இதற்குப் பத்தாது.

மாங்கனி_மாவட்டம்:
அண்ணே, அடி உதை இருக்கிற வீடாக இருந்தால்? கணவர் பக்கத்தில் இருக்கும்போது ‘வீட்டில் அடிப்பாரா?’ என்று கேட்டால் எந்தப் பெண்ணும் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்கான விலையை வீட்டுக்குப் போய்க் கொடுப்பாள். முதலில் ஒவ்வொருவரையும் தனியாக 20 நிமிடமாவது பார்க்க வேண்டும். ‘சண்டை வருமா’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது. சண்டை முற்றினால் என்ன நடக்கும், கழுத்தைப் பிடித்ததுண்டா, போன் யார் கையில் இருக்கும், இங்கே பேசியதற்கு வீட்டில் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கணும். கழுத்தை நெரித்தது தெரிந்தால் உயிர் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தம்பதி ஆலோசனை நிறுத்தம். பெண்கள் உதவி எண் 181-க்கும், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலருக்கும் வழி காட்டணும். ‘ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை’ என்று பேசுகிற ஆலோசகரிடம் அந்தப் பெண்ணை அனுப்பவே கூடாது.

தொப்பூர்_கணவாய்:
அதை நான் மறுக்கவில்லை. காட்மன் என்ற தம்பதி ஆலோசனை முறையிலும் முதலில் சேர்ந்து ஒரு தடவை, பிறகு ஆளுக்கு ஒரு தடவை தனியாக, அப்புறம் திட்டத்தோடு மறுபடி சேர்ந்துதான். தனிச் சந்திப்பே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அதையே மாசக்கணக்கில் நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மாங்கனி_மாவட்டம்:
அந்த முறையிலும் அடிதடி பற்றிய கேள்வி இரண்டாம் சந்திப்புக்குத்தானே தள்ளிப்போகிறது? முதல் சந்திப்பிலேயே வெடித்தால் யார் பொறுப்பு?

புளியமரத்தடி:
ரெண்டு பேரும் ரகசியத்தை விட்டுட்டீங்க. தனியாகப் பார்த்தாலே ‘எனக்கு வேறொருத்தரோட பழக்கம் இருக்கு, அவர்கிட்ட சொல்லிடாதீங்க’ என்று ஒரு நாள் வரும். மறைத்தால் மற்றவருக்குத் துரோகம், உடைத்தால் சொன்னவருக்குத் துரோகம். 2017 மனநலச் சட்டம் ரகசியக் காப்பை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது, விளையாட்டில்லை. அதனால் தனிச் சந்திப்புக்கு முன்பே ஆலோசகரின் இந்த விதியில் இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்: ‘உறவைப் பாதிக்கிற விஷயத்தை நான் ஒளித்து வைக்க மாட்டேன், நீங்களே சொல்ல உதவுவேன். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்கு.’ விஷயம் காதில் விழுந்தபின் இந்த விதியைச் சொன்னால் செல்லாது. அப்பாயின்ட்மென்டுக்கான முதல் போனிலேயே சிலர் கொட்டிவிடுவார்கள், அதனால் போனை எடுப்பவருக்கும் இது தெரிந்திருக்கணும்.

இன்னொன்று, குடி. போதையில் வந்தால் அன்றைக்குப் பேச்சே கிடையாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். தினமும் குடிப்பவரை ‘நாளையோடு நிறுத்து’ என்று ஆலோசகர் சத்தியம் வாங்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவர்.

தொப்பூர்_கணவாய்:
ஒப்புக்கொள்கிறேன் அக்கா. மாமியாரை எப்போது கூப்பிடுவது?

புளியமரத்தடி:
தம்பதி இருவரும் ‘நாங்கள் இதைத்தான் கேட்கப்போகிறோம்’ என்று ஒரே குரலில் சொல்லும்போது. அதற்கு முன் கூப்பிட்டால் அது பஞ்சாயத்து. வந்தபின் ‘யார் தப்பு’ என்று கேட்காமல், ‘உங்க மகன் சாப்பிடாமல் எழுந்து போனால் முதலில் யார் பின்னாடி போவாங்க?’ என்று மாமியாரிடம் கேளுங்க. அதே கேள்வியை மருமகளிடமும். இரண்டு பதிலும் பொருந்தாத இடத்தில்தான் வேலை இருக்கு.

மாங்கனி_மாவட்டம்:
நைட் ஷிப்ட்காரருக்கு வீடியோவில் நடத்தலாம். ஆனால் ஆளுக்கு ஒரு போன், ஒரு ஹெட்போன், பூட்டக்கூடிய அறை வேண்டும். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ‘கேஸ் சிலிண்டர் வந்துடுச்சு’ மாதிரி ஒரு சொல்லை முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளணும். இரவில் தாங்கமுடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். ஆனால் அது தம்பதி ஆலோசனைக்கு மாற்று இல்லை. முதலில் தனியாகப் பார்ப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போறதில்லை அண்ணே.