கப்பலில் போகும் சைக்கிள் ரிம் துருப்பிடிக்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். லூதியானா உதிரிபாகம் வாங்கி, 22 இஞ்ச் ஃபிரேம், 28 இஞ்ச் சக்கரக் கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளைக் கென்யாவின் மொம்பாசாவுக்கு அனுப்புகிறேன். ஏற்றுமதிக் குறியீட்டு எண், சுங்கப் பட்டியலில் சைக்கிளுக்கான 8712 தலைப்பில் பில், கென்யா கேட்கும் தரச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. சிக்கல் துருதான்.

நவம்பரில், நல்ல அடைமழை நேரம், 60 வண்டிகளைப் பாதி பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டினோம். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி, 41 நாளில் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் மனசே விட்டுப்போச்சு. ரிம்மில் நிப்பிள் (கம்பியை இறுக்கும் சின்ன நட்டு) உட்காரும் ஓட்டையைச் சுற்றி மிளகுத்தூள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். ஹேண்டில்பாரில் நம் பையன்களின் விரல் தடம் அப்படியே துருவாகப் பதிந்திருக்கிறது. பெயிண்ட் அடித்த பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 23 வண்டிக்கு விலையைக் குறைத்துவிட்டார்.

பிப்ரவரி லோடில் கையுறை போட்டுக் கட்டினோம்; விரல் தடம் போய்விட்டது. மெஷின் ஆயிலால் துடைத்து, பாலித்தீன் சுற்றி, பெட்டிக்கு இரண்டு சிலிகா ஜெல் பொட்டலமும் வைத்தோம். அப்படியும் பாலித்தீனுக்குள் வேர்த்து, ரிம்மில் அதே புள்ளிகள். அப்புறம் கிரீஸ் பூசிப் பார்த்தேன், அட்டைதான் ஊறுகிறது.

அடுத்த லோடு ஜூன் கடைசியில். வி.சி.ஐ. தாள் (துருவைத் தடுக்கும் ஆவியை வெளிவிடும் தாள்) சுற்றி, கண்டெய்னருக்குள் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பை தொங்கவிட்டு அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், குரோம் ரிம் துருவில்லாமல் போய்ச் சேர்ந்ததா?