மறு: ஈடிடிவி, எச்டிடிவி – தமிழில் என்ன சொல்வது?

> ஈடிடிவி – மேம்பட்ட வரையறைத் தொலைக்காட்சி
> எச்டிடிவி – உயர் வரையறைத் தொலைக்காட்சி

வணக்கம் நண்பர்களே,

முதலில், 'டெஃபினிஷன்' என்பதற்கு மேலே போட்டிருக்கும் 'வரையறை'யை விட்டுவிடலாம். ஒன்றுக்கு எல்லை கட்டி இலக்கணம் சொல்வதுதான் வரையறை. திரையில் புல்லும் தலைமுடியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேச்சு தெளிவைப் பற்றியது. 'உயர்தெளிவு' ஏற்கெனவே ஓரளவு புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம். ('பிரிதிறன்' ரெசல்யூஷனுக்குப் போய்விட்டது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

எனக்கு இடிப்பது 'மேம்பட்ட'. மேம்பட்ட தெளிவு, உயர்தெளிவு இரண்டையும் அடுத்தடுத்து எழுதி எது உசத்தி என்று கேட்டால் பாதிப் பேர் முதலாவதைத்தான் காட்டுவார்கள். உண்மை தலைகீழ். ஈடிடிவியில் படத்தை வரைபவை அதே பழைய 480 கிடைவரிகள், சில நாடுகளில் 576; ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை என்று பாதி பாதியாக வரையாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வரைகிறது, மேம்பாடு அவ்வளவுதான். உயர்தெளிவு 720 வரிகளில்தான் தொடங்குகிறது. போதாததற்கு ஈடிடிவிப் பெட்டிகள் பலவும் 1080 வரி ஒளிபரப்பையும் வாங்கிக்கொண்டன, ஆனால் திரையில் அத்தனை புள்ளிகள் இல்லாததால் சுருக்கித்தான் காட்டின. வாங்கியவர் ஏமாந்தது இந்த இடத்தில்தான், பெயரும் அதற்குத் துணை போகக்கூடாது.

அதனால் என் பரிந்துரை: இடைத்தெளிவு. சாதாத் தெளிவு, இடைத்தெளிவு, உயர்தெளிவு என்று சொன்னால் வரிசை தானாகப் புரிந்துவிடும்.

> ஈடிடிவிதான் கடைகளிலிருந்தே போய்விட்டதே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டும். 2000-களின் நடுவில் பிளாஸ்மா தொலைக்காட்சி வாங்கியவர்களுக்கு இது நிஜமான கேள்வியாக இருந்தது, இடைத்தெளிவு மட்டமான தேர்வும் இல்லை. 42 அங்குலத் திரையில் 480 வரி என்றால் ஒரு வரி ஏறக்குறைய 1.1 மி.மீ. உயரம். நல்ல கண்ணுக்கு ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக் கோணம் வரை பிரித்தறிய முடியும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 3.7 மீட்டருக்கு அப்பால் அந்த வரிகள் கலந்துவிடும். அங்கே உட்கார்ந்து டிவிடி மட்டும் பார்ப்பவர் உயர்தெளிவுக்குக் கொடுக்கும் பணம் வீண்தான். அதே திரை 720 வரி என்றால் 2.5 மீட்டர் வரை நெருங்கலாம். இன்னொரு கூத்து, அந்தக் காலத்து 42 அங்குல உயர்தெளிவு பிளாஸ்மாக்கள் பலவற்றில் 1024 × 768 புள்ளிகள்தான், அகலத் திரையை நிரப்ப ஒவ்வொரு புள்ளியையும் பக்கவாட்டில் இழுத்துச் செய்திருப்பார்கள். இந்த விவரங்களையெல்லாம் தமிழில் எழுத ஒரு சொல் வேண்டாமா?

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பாதி பாதியாக வரையும் முறைக்கு இதே இழையில் 'இடைவரி' என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். இடைத்தெளிவில் இடைவரி கிடையாது என்று எழுத வேண்டி வந்தால் படிப்பவர் தலையில் அடித்துக்கொள்வார். அதைப் 'பின்னல்வரி' என்று மாற்றி, ஒரே தடவையில் வரைவதைத் 'தொடர்வரி' ஆக்கிவிட்டால் இரண்டும் மோதாது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.