மேரேஜ் அலவன்ஸும் அதற்கு அப்பாலும்: பிரிட்டனில் வாழும் தம்பதியரின் வருமான வரி அனுபவங்கள்

ஹாரோவிலிருந்து:

என் மனைவி ஒரு பள்ளியில் பகுதிநேரமாக வேலை செய்கிறார். அவருடைய ஆண்டு வருமானம் ஒன்பதாயிரம் பவுண்டைத் தாண்டுவதில்லை என்பதால், அவருக்குரிய 12,570 பவுண்டு தனிநபர் வரிவிலக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொகை ஆண்டுதோறும் பயனின்றிப் போய்க்கொண்டிருந்தது. அதில் 1,260 பவுண்டை எனக்கு மாற்றித் தரலாம், அப்படிச் செய்தால் என் வரி ஆண்டுக்கு 252 பவுண்டு குறையும் என்பதை அலுவலகத் தோழி ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, மேரேஜ் அலவன்ஸ் எனப்படும் இந்தச் சலுகை தானாக வந்து சேராது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

விண்ணப்பிக்க வேண்டியவர் வருமானம் குறைந்தவர், அதாவது எங்கள் வீட்டில் மனைவி. இருவரின் நேஷனல் இன்சூரன்ஸ் எண்களையும் கொடுத்து, அடையாளத்தை உறுதிப்படுத்தியதும் அரசின் இணையதளத்திலேயே வேலை முடிந்துவிட்டது. தகுதி இருந்த முந்தைய நான்கு வரியாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்பதால், நடப்பாண்டையும் கூட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு 252 வீதம் எங்களுக்கு 1,260 பவுண்டு கிடைத்தது. பழைய ஆண்டுகளின் பணம் தனியாகத் திரும்பி வந்தது; நடப்பாண்டுக்குரியது என் சம்பளத்தின் வரிக் குறியீடு (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குக் காட்டுவது) 1383எம் என்று மாறியதன் வழியே மாதந்தோறும் என் வரியில் குறைந்தது. மனைவியின் குறியீடு 1131என் ஆனது. இதையே செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு முகவரிடம் போன நண்பர் ஒருவர், வந்த தொகையில் கணிசமான பங்கைக் கமிஷனாக இழந்தார். கட்டணமே இல்லாத ஒரு விண்ணப்பத்துக்கு இப்படிப் பணம் கொடுப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

ஹாரோ அண்ணா சொன்னதோடு திருமணத் தேதி பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் கலியாணம் இங்கே ஒரு மண்டபத்தில் ஐயர் முன்னிலையில், உறவினர் அனைவரும் கூடி நடந்தது. பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில். இந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் மண்டபத்தில் நடந்த சடங்கு மட்டும் திருமணம் ஆகாது. எனவே பதிவுக்கு முந்தைய வரியாண்டுக்கு நாங்கள் கேட்க வழியில்லை. ஆனால் வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது, ஆண்டின் எந்தப் பகுதியில் மணமுடித்திருந்தாலும் அந்த ஆண்டுக்குரிய முழுத் தொகையும் உண்டு. ஆகவே மார்ச் மாதப் பதிவு எங்களுக்கு ஓராண்டுச் சலுகையைப் பெற்றுத் தந்தது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அங்குள்ள சட்டப்படி மணமுடித்து வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வருமானம் விலக்கு வரம்பை நெருங்கியிருந்தால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் சம்பளம் 12,200 பவுண்டாக இருந்த ஆண்டில், 1,260ஐக் கொடுத்த பின் எனக்கு மிஞ்சிய விலக்கு 11,310. மீதி 890 பவுண்டுக்கு நான் 178 பவுண்டு வரி கட்டினேன், கணவருக்கு 252 குறைந்தது. குடும்பத்துக்கு நிகரமாகக் கிடைத்தது 74 பவுண்டுதான். ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதற்கு அனுமதியில்லை.

லெஸ்டரிலிருந்து:

என் கணவரின் சம்பளம் 54,000 பவுண்டு. மாற்றித் தரும் விலக்கைப் பெறுபவர் அடிப்படை வரி விகிதத்துக்குள், அதாவது 50,270 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் மேரேஜ் அலவன்ஸ் எங்களுக்குக் கிடைக்காது. அதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. உண்மையில் 252 பவுண்டைவிடப் பெரிய மிச்சம் வேறிடத்தில் இருந்தது. 1990 ஏப்ரல் முதல் கணவனும் மனைவியும் தனித்தனி வரிதாரர்கள். ஆகவே ஒரே வருமானம் யார் பெயரில் விழுகிறது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது.

இருவர் பெயரிலும் எங்களுக்கு ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது. கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது, செலவு போக 9,600 பவுண்டு நிற்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து கூட்டாக வைத்திருக்கும் சொத்தின் வருமானத்தை, யார் எவ்வளவு முதலிட்டிருந்தாலும், சரிபாதியாகப் பிரித்தே வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. வரி விதிக்கும். அதன்படி அவர் பங்கான 4,800க்கு 40 விழுக்காட்டில் 1,920 பவுண்டு போய்க்கொண்டிருந்தது; ஆண்டுக்கு மூவாயிரம் மட்டுமே சம்பாதித்த எனக்கோ விலக்கு மீந்து கிடந்தது. வழக்கறிஞர் மூலம் கூட்டுரிமையை, ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உள்ள பங்குரிமையாக மாற்றி, எனக்குத் தொண்ணூறு, அவருக்குப் பத்து என்று உரிமைப் பத்திரம் எழுதி, அதன் நகலோடு, பங்கு விகிதத்தை வரித்துறைக்கு அறிவிக்கும் ஃபார்ம் 17ஐ அனுப்பினோம். இருவரும் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் அது வரித்துறைக்குச் சேர்ந்துவிட வேண்டும், தவறினால் செல்லாது. சேர்ந்தாலும் கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் பயன், முந்தைய மாதங்களுக்கு இல்லை. இப்போது அவர் பங்கு 960, அதற்கு வரி 384; என் பங்கு 8,640 என் விலக்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 1,536 பவுண்டு மிச்சமாகிறது.

இதில் விளையாட்டு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மில் எழுதும் பங்கு உண்மையான உரிமையாகவே இருக்க வேண்டும், வீட்டை விற்றால் தொண்ணூறு பங்கு எனக்கே வரும். அவருடைய அண்ணன் இதைக் கேட்டு முகம் சுளித்தார். அந்தத் தயக்கம் உள்ளவர்கள் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது. வீட்டின் மீது கடன் இருந்தால், பங்கோடு கடனையும் ஏற்பவருக்கு முத்திரை வரி வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். சேமிப்பைப் பொறுத்தவரை வேலை எளிது: வருமானம் குறைந்தவர் பெயருக்குப் பணத்தை மாற்றினால், வட்டிக்கென உள்ள 5,000 பவுண்டு வரையிலான பூஜ்ய விகிதமும் அவருக்குப் பயன்படலாம்.

எடின்பரோவிலிருந்து:

ஸ்காட்லாந்தில் வாழ்பவர்கள் 50,270 என்ற எண்ணை நம்பிவிட வேண்டாம். இங்கே வரி விகிதங்கள் வேறு; விலக்கைப் பெறுபவர் இடைநிலை விகிதத்துக்குள் இருக்க வேண்டும், 2025-26இல் அது 43,662 பவுண்டுடன் முடிகிறது. சம்பள உயர்வால் 44,400ஐத் தொட்ட நான், பணியிடப் பென்ஷனுக்குக் கூடுதலாக 900 பவுண்டு செலுத்தி, வரிக்குரிய வருமானத்தை 43,500க்குக் கொண்டுவந்து சலுகையைத் தக்கவைத்துக்கொண்டேன். வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுச் சலுகையும் போய்விடும் என்பதால், ஆண்டு முடிவதற்குள் சம்பளச் சீட்டைப் பார்ப்பது அவசியம்.

குரோய்டனிலிருந்து:

என் தந்தை 1933இல் பிறந்தவர். தம்பதியரில் ஒருவராவது 1935 ஏப்ரல் 6க்கு முன் பிறந்திருந்தால் மேரிட் கப்பிள்ஸ் அலவன்ஸ் என்னும் பழைய சலுகை உண்டு; 2025-26இல் அது வரியை 436 முதல் 1,127 பவுண்டு வரை குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது, எனவே அம்மா மேரேஜ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கவில்லை.

எங்கள் தெருவில் கணவரை இழந்த அக்கா ஒருவர், இனிக் கேட்க வழியில்லை என்று விட்டுவிட்டிருந்தார். துணைவர் இறந்த பிறகும் தகுதியிருந்த ஆண்டுகளுக்கு, நான்கு ஆண்டு வரம்புக்குள், மேரேஜ் அலவன்ஸைக் கேட்கலாம். இணையத்தில் தடுமாறியதால் தொலைபேசியிலேயே பேசி விண்ணப்பித்தார். அதற்கும் கட்டணம் எதுவும் இல்லை.