மேடையில் அக்கவுஸ்டிக் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

ஆறுகம்பி:
வாராவாரம் சர்ச்சில் வாசிக்கிறேன், நடுநடுவே கல்யாண வரவேற்புகளும் உண்டு. கிட்டாரோடு வந்த பியசோ பிக்கப்தான் (அதிர்வின் அழுத்தத்தை மின் சிக்னலாக்குவது), சேடிலுக்கு, அதாவது கம்பிகள் உட்காருகிற பட்டைக்கு, அடியில் இருக்கிறது. வீட்டில் கேட்கிற மரத்தின் சத்தம் மேடையில் வருவதே இல்லை, கொஞ்சம் அழுத்தி ஸ்ட்ரம் பண்ணினால் (எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டினால்) பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கிறது. பக்கத்தில் டிரம்ஸ், காலடியில் வாசிக்கிறவருக்கே கேட்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர். கே அண்ட் கே ப்யூர் மினி, எல்ஆர் பேக்ஸ் ஆன்தம், ஃபிஷ்மன் ரேர் எர்த், இவற்றில் எதைப் போடலாம்?

மானிட்டர்வாசி:
டிரம்ஸ் பக்கத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரேர் எர்த் மாதிரி சவுண்ட்ஹோலில் (பெட்டியின் முன்பக்கத் துளையில்) மாட்டுகிற காந்த பிக்கப். அது முக்கியமாகக் கம்பியின் அசைவைத்தான் எடுக்கும், அதனால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கிட்டாருக்குள் போய் ஊளையிடுவது) ரொம்பக் குறைவு. சத்தம் லேசாக எலெக்ட்ரிக் பக்கம் சாயும், ஆனால் பேண்டோடு சேரும்போது அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒன்று, கம்பி மேலிருக்கிற வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கிற எஃகை மட்டும்தான் எடுக்கும். அதனால் சில பிக்கப்களில் சுற்றில்லாத மெல்லிய கம்பிகள் இரண்டும் தூக்கலாகக் கேட்கும். நைலான் கம்பிக்கு இது ஆகவே ஆகாது.

விரல்நடை:
ப்யூர் மினியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். பிரிட்ஜுக்கு (கம்பிகளைப் பிடித்திருக்கிற கட்டைக்கு) நேர் உள்பக்கம் ஒட்டுகிற மூன்று வில்லைகள், பேட்டரி கிடையாது, மேல்பலகையின் அதிர்வையே எடுக்கிறது. தனியாக விரலில் வாசிக்கிறவர்களுக்கு இந்த விலையில் இதைவிட நல்லது நான் கேட்டதில்லை. மானிட்டரை ஏற்றினால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஊளையிடும் என்பது உண்மைதான், பெட்டிக்குள் இருக்கிற காற்றே கிட்டத்தட்ட அங்கேதான் அதிரும். துளைக்கு ரப்பர் மூடி, அந்த ஒரு அலைவரிசையை மட்டும் குறைக்கிற நாட்ச் ஃபில்டர், அப்புறம் சமாளிக்கலாம்.

டிஐதாசன்:
முதலில் எதில் சொருகுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை முதலில் வலுவாக்குகிற கருவி) இல்லாத பியசோவை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் கொடுத்தால், அதன் உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் பக்கம்தான் இருக்கும், பேஸ் எல்லாம் போய் தகரம் மாதிரி கேட்கும். குறைந்தது 1 மெகாஓம் வேண்டும். எல்ஆர் பேக்ஸின் பாரா டிஐ என்கிற ப்ரீஆம்ப் பெட்டி 10 மெகாஓம். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே பிக்கப்பைத் திட்டுகிறார்கள்.

ஆறுகம்பி:
பக்கவாட்டில் பேட்டரி ப்ரீஆம்ப் இருக்கிறது அண்ணா. பாட்டுத் தொடக்கத்தில் விரல், மற்றபடி முழுக்க ஸ்ட்ரம்தான்.

டிஐதாசன்:
அப்படியானால் அது சிக்கல் இல்லை. புது 9 வோல்ட் பேட்டரி போட்டு, 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆன்தம் அருமையானது, 250 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளே இருக்கிற மைக், கீழே சேடில் பிக்கப், மிக்ஸ் குமிழும் உண்டு. ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் அந்த மைக்கைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் பழைய சேடில் பிக்கப்பிலேயே வந்து நிற்பீர்கள். பழைய ப்ரீஆம்பைக் கழற்றினால் பக்கப் பலகையில் ஓட்டை வேறு. காந்தத்தை வாங்குங்கள், பிடிக்காவிட்டால் கழற்றி விற்றுவிடலாம். கேபிள் துளையிலிருந்து தொங்கும், ஸ்ட்ராப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.