"ஆப்ஷன் நிராகரிப்பு" என்று போனில் செய்தி வந்த நாள்: தண்டர் அணியின் கோடைகள்

எட்மண்ட் வாசி:

2012 அக்டோபர் 27, சனிக்கிழமை இரவு. ஓக்லஹோமாவின் நார்மனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்த மாணவர் வீடு. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அறைத்தோழன் போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தான். "டேய், ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்துட்டாங்கடா." யாரும் அடுப்பை அணைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் ஒருவன் எழுந்து போனான்.

அந்த ஜூன் மாதம்தான் எங்கள் என்பிஏ கூடைப்பந்து அணியான ஓக்லஹோமா சிட்டி தண்டர் இறுதிச்சுற்று ஆடி மயாமியிடம் 4-1 என்று தோற்றிருந்தது. அணியின் நட்சத்திரங்கள் டுராண்ட், வெஸ்ட்புரூக் இருவருக்கும் அப்போது 23 வயது. ஹார்டனுக்கும் இபாகாவுக்கும் 22. தோற்றாலும் ஊரில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. பையன்கள் இவ்வளவு சின்னவர்கள், அடுத்த வருடம் திரும்ப வருவார்கள் என்று பெட்ரோல் பங்கில் நிற்பவர்கூடச் சொன்னார். ஹார்டனின் தாடி மாதிரி ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு குழந்தைகள் அரங்குக்கு வந்த காலம் அது. ஹார்டனுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குச் சுமார் 60 மில்லியன் டாலர். அணி தர முன்வந்தது அதைவிடச் சில மில்லியன்தான் குறைவு. டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் பெரிய சம்பளம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, அந்த ஆகஸ்டில் இபாகாவுக்கும் எழுதினார்கள். நாலாவது ஆளையும் சேர்த்தால் ஆடம்பர வரி, அதாவது மொத்தச் சம்பளம் லீக் வைத்த எல்லையைத் தாண்டும்போது அணி கட்டும் அபராதம், கட்ட வேண்டிவரும். சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த நால்வரும் ஒன்றாக இன்னொரு இறுதிச்சுற்று ஆடவே இல்லை. 2016 ஜூலை 4 அன்று டுராண்டும் வேறு அணிக்குக் கிளம்பினார். அதைப் பற்றி எழுத இன்றும் எனக்கு மனசில்லை.

அன்றிலிருந்து கோடை வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆட்டம் நடக்கும்போது தோற்றால் தாங்கிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் ஆட்டமே இல்லாமல் தோற்பதைத்தான் தாங்க முடியாது.

இப்போது 2024 கோடைக்கு வருகிறேன். 57 வெற்றி, மேற்குப் பிரிவில் முதலிடம். முதலிடம் பிடித்த அணிகளிலேயே வயதில் மிக இளைய அணி. பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டாலஸிடம் ஆறாவது ஆட்டத்தில் 117-116, ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. அந்தத் தொடரில் ஜோஷ் கிடியை எதிரணி மூன்று புள்ளிக் கோட்டில் ஆளே இல்லாமல் தனியாக விட்டது. எறியட்டும், விழாது என்ற கணக்கு. கடைசியில் அவர் தொடக்க ஐவரிலேயே இல்லை. 2021 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஆறாவது தேர்வாக வந்த ஆஸ்திரேலியப் பையன். என் மகனுக்கு அவர் என்றால் உயிர். மூன்றாம் எண் ஜெர்சியைத் துவைக்கக்கூடக் கழற்றித் தரமாட்டான்.

ஜூன் 20-ஆம் தேதி செய்தி வந்தது. கிடி சிகாகோவுக்கு, அலெக்ஸ் கருசோ இங்கே. ஆளுக்கு ஆள், கூடவே ஒரு டிராஃப்ட் தேர்வுகூட இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது மகனிடம் சொன்னேன். எட்டு வயது. தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "ஏன்ப்பா, அவர் ஏதாவது தப்பு பண்ணினாரா?" என்று கேட்டான். இல்லை கண்ணா, பெஞ்சிலிருந்து வர வேண்டியிருக்கும் என்று அணி பேசியது, அவருக்கு அது சரிப்படவில்லை, அதனால் வேறு ஊர் பார்த்தார்கள் என்று விளக்கினேன். 2012-ல் ஹார்டனை அனுப்பியதும் இதே ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டிதான் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. எனக்கே அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

அதே மாதக் கடைசியில் இந்தியக் கடையில் பில் போட வரிசையில் நிற்கிறேன். ஒரு கையில் கறிவேப்பிலைக் கட்டு, இன்னொரு கையில் போன். "ஐசையா ஜோ, ஆரன் விக்கின்ஸ் இருவரின் டீம் ஆப்ஷனையும் தண்டர் நிராகரித்தது" என்று ஒரு வரி. டீம் ஆப்ஷன் என்றால், முன்பே எழுதிய சம்பளத்திலேயே இன்னொரு வருடம் வைத்துக்கொள்ள அணிக்கு இருக்கும் உரிமை. அவ்வளவுதான், இவர்களையும் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஜோ, பிலடெல்பியா வேண்டாமென்று விட்ட பிறகு இங்கே வந்து எறிகிற ஒவ்வொரு பந்திலும் அரங்கை எழுப்பியவர். விக்கின்ஸ் 2021-ல் 55-வது தேர்வு. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லியன்தான் சம்பளம். இந்தக் காசுக்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன்.

பிறகுதான் முழு விவரமும் வந்தது. விக்கின்ஸுக்கு ஐந்து ஆண்டு, 47 மில்லியன். ஜோவுக்கு நான்கு ஆண்டு, 48 மில்லியன். ஆப்ஷனை எடுத்திருந்தால் இருவரும் அந்த ஒரு வருடம் மட்டும் மலிவாக ஆடி, அடுத்த கோடையில் யார் அதிகம் தருவார்களோ அங்கே போயிருப்பார்கள். அந்தக் கோடையில் அணியின் கையில் சம்பள வரம்புக்குள் இடம் இருந்தது. அந்த இடத்தை வைத்துப் பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். சாதாரணமாகச் சம்பளம் வருடா வருடம் ஏறும். இந்த இரண்டு ஒப்பந்தமும் இறங்குமுகம். முதல் வருடம் அதிகம், போகப் போகக் குறைவு. காரணம், 2026-27-ல் அணியின் இளம் நட்சத்திரங்களான செட் ஹோம்கிரெனுக்கும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் பெரிய சம்பளம் தொடங்கும். அந்தப் பாரம் ஏறும்போது இந்தப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். வரிசையில் நின்று நான் கைவிட்டுவிட்டார்கள் என்று படித்த அதே வரி, உள்ளே பிடித்துவைத்துக்கொள்கிற வரி.

அதே வாரம் நியூயார்க் அணியிலிருந்து உயரமான வீரர் ஹார்டென்ஸ்டைன் வந்தார். மூன்று ஆண்டு, 87 மில்லியன், கடைசி ஆண்டு அணியின் விருப்பம். ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், திணறிய அணிக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று அடுத்த சீசனில் பார்த்தோம். 68 வெற்றி. 2025 ஜூன் 22-ல் இறுதிச்சுற்றில் இண்டியானாவுடன் ஏழாவது ஆட்டம், 103-91, கோப்பை எங்களுக்கு. 2012-லிருந்து பதின்மூன்று வருடம்.

2025 ஜூலையில் பத்தே நாளுக்குள் மூன்று கையெழுத்து. அணியின் முதல் நட்சத்திரம் ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டு 285 மில்லியன். செட்டுக்கு ஐந்து ஆண்டு, 250 மில்லியன் வரை போகலாம். ஜேலன் வில்லியம்ஸுக்கு 287 மில்லியன் வரை போகலாம். 2012-ல் செய்யாததை இந்த முறை செய்துவிட்டார்கள். என் கண் கலங்கியது என்று எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

உங்களுக்கும் இப்படிக் கோடைச் செய்தி ஒன்று தலைகீழாக விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

நேப்பர்வில் நண்பர்:

அண்ணே, நீங்க வாங்கின கருசோ எங்க வீட்டுப் பிள்ளை. அதனால இந்தக் கதையோட இன்னொரு பாதியை நான் சொல்லியாகணும்.

சிகாகோ புல்ஸ்ல அந்த மூணு வருஷம் நான் ஆட்டம் பார்த்ததே அவருக்காகத்தான். டிராஃப்ட்ல யாரும் எடுக்காத ஆளு. பந்து கோட்டைத் தாண்டிப் போகும், இவரு பறந்து போய்த் தள்ளிவிட்டுட்டு முதல் வரிசைல விழுவாரு. 2023-ல லீக்கோட முதல் தடுப்பாட்ட அணில இடம். அப்பேர்ப்பட்டவரைக் கொடுத்துட்டு ஒரு முதல் சுற்றுத் தேர்வுகூட வாங்கலைன்னு செய்தி வந்தப்போ, ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு மேஜைல ஒருத்தரும் வாய் திறக்கலை. கிடி மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா அவரை ஏத்துக்க மனசு வரலை. ஆறேழு மாசம் அப்படியே போச்சு.

2025 மார்ச் 27. லேக்கர்ஸ் ஆட்டம். பொண்ணு கேட்டான்னு மேலடுக்குல ரெண்டு டிக்கெட் எடுத்தேன். மூணு செகண்டு மிச்சம், நாங்க ஒரு புள்ளி பின்னாடி. எனக்கு முன் வரிசைல ஆளுங்க கோட்டை மாட்டிக்கிட்டு எழுந்துட்டாங்க. கிடி நடுக்கோடு பக்கத்துலருந்து எறிஞ்சாரு. மேலேருந்து பார்க்கிறப்போ பந்து எங்க தலைக்கு நேரா வர்ற மாதிரி இருந்துச்சு. அது உள்ள போனப்போ சத்தம் காதுல கேக்கலை, காலுக்கடில தரை அதிர்ந்தது மட்டும்தான் தெரிஞ்சுது. 119-117. பக்கத்துல இருந்த பெரியவர், யாருன்னே தெரியாது, என் பொண்ணைத் தூக்கிட்டாரு.

அதுக்கப்புறம் மே மாசம் டென்வரோட நடந்த ஏழாவது ஆட்டத்துல கருசோ அவங்க நட்சத்திரம் யோக்கிச்சை மறிச்சதைப் பார்த்தேன். ஆறடி அஞ்சங்குலம், எதுக்க ஆறடி பதினொண்ணு. இடுப்பைக் கொடுத்து முட்டிக்கிட்டு நகரவே விடலை. டிவி முன்னாடி நின்னுக்கிட்டு "எங்க ஆளு, எங்க ஆளு"ன்னு கத்தினேன், தண்டர் சட்டைல இருந்தாலும். அவரு முதல்ல விளையாடினதும் ஓக்லஹோமா சிட்டி ப்ளூங்கிற உங்க சின்ன அணில தானே, 2016-ல? உங்க பிள்ளைதான் திரும்பி வந்திருக்கான்னு இப்போ என் மனசைத் தேத்திக்கிறேன்.

மொன்றியல் அக்கா:

தம்பி, நீங்கள் எழுதினதில ஒண்டு மட்டும் திருத்த வேணும். அந்த ஆப்ஷன் விசயம் ஜோவோட, விக்கின்ஸோட தொடங்கேல்லை. எங்கட டோர்ட்டோட தொடங்கினது.

லு டோர்ட் மொன்றியல் வடக்கில வளந்த பிள்ளை. ஹெயிற்றியில இருந்து வந்த குடும்பம். 2019 டிராஃப்டில அறுபது பேரின்ர பேர் வாசிச்சவை, இவரின்ர பேர் வரேல்லை. சின்ன அணிக்கும் பெரிய அணிக்கும் நடுவில இருக்கிற டூ-வே ஒப்பந்தத்திலதான் தண்டருக்குள்ள போனவர். 2020-ல நாலு வருசத்துக்கு 5.4 மில்லியன் எண்டு எழுதினவை. பெரிய காசு எண்டுதான் எங்களுக்கும் பட்டது. ஆனா அந்த லீக்கில அது அடிமட்டச் சம்பளம்.

அந்த செப்டம்பர் மாதம், கொரோனா நேரம், ஒருத்தரும் வெளிய போறேல்லை. ஹூஸ்டனோட ஏழாவது ஆட்டம். என்ர மகனும் நானும் சோபாவில இருந்து பாத்தனாங்கள். நீங்கள் சொன்ன அதே ஹார்டனை மறிச்சது இந்தப் பிள்ளைதான். 21 வயசு. மறிச்சது மட்டுமில்லை, 30 புள்ளியும் அடிச்சவர். கடைசியில அவர் எறிஞ்ச பந்தை ஹார்டன் வந்து தடுத்துப்போட்டார். 104-102. என்ர மகன் அப்ப பதின்மூண்டு வயசு, ஆட்டம் முடிஞ்சும் திரையைப் பாத்தபடியே இருந்தவன்.

2022-ல ஒரு வருச ஆப்ஷன் மிச்சம் இருந்தது, ரெண்டு மில்லியன்கூட வராது. அணி அதை வேண்டாம் எண்டு விட்டதாச் செய்தி. மகன் அறைக்கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்திட்டான். நான் கதவுக்கு வெளியில நிண்டு, சாப்பிட வா அப்பன், வேற அணி எடுக்கும் எண்டு ஆறுதல் சொன்னன். கொஞ்ச நாளில, ஐஞ்சு வருசத்துக்கு 87.5 மில்லியன், அதே அணி. கட்டாயப்படுத்தி மலிவா வச்சிருக்க ஏலும், ஆனா அப்பிடிச் செய்யேல்லை. காகிதத்தில அந்த உரிமை கையில இருக்கேக்க அதை விட்டுக்குடுத்தது எனக்குப் பெரிய விசயமாப் பட்டது. தொழிற்சாலையில இருபது வருசம் வேலை செய்தனான். ஒப்பந்தம் முடிய முன்னம் தாங்களாச் சம்பளம் கூட்டித் தந்தவை எண்டு ஒரு நாள்கூட இல்லை.

எட்மண்ட் வாசி:

அக்கா, டோர்ட்டை எழுதாமல் விட்டது என் தவறுதான். 2020 அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். ஹார்டனை மறிக்கும் பையன் நம் சட்டையில் இருந்தது எனக்குள் எதையோ ஆற்றியது.

2025 கோடையில் அதே முறை மறுபடியும் வந்தது. ஜேலின் வில்லியம்ஸ் (மேலே சொன்ன ஜேலன் அல்ல, வேறொருவர்), பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் ஃபோர்ட் ஸ்மித் பையன். ஆப்ஷன் நிராகரிப்பு என்று போனில் செய்தி வந்தது. நான் முகத்தைச் சுருக்குவதற்குள் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கப்பா, புதுசா எழுதுவாங்க" என்றான். மூன்று ஆண்டு, 24 மில்லியன். ஏஜே மிட்செலுக்கும் மூன்று ஆண்டு எழுதினார்கள்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 2024-ல் 26-வது தேர்வாக வந்த டில்லன் ஜோன்ஸ் ஒரே சீசனில் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். பதினைந்து இடம்தான். புதிதாக ஒருவரை டிராஃப்ட் செய்தால் பழைய ஒருவர் பெட்டி கட்ட வேண்டும். வயது இருபத்து மூன்று. கோப்பையைத் தொட்ட அதே மாதம் ஊர் மாற வேண்டியிருந்தது. அவர் பெயரைச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2026 கோடைதான் கஷ்டம். 2023-ல் கையெழுத்தான புது விதிகளில் சம்பள வரம்புக்கு மேலே இரண்டாவது கோடு ஒன்று வைத்திருக்கிறார்கள், 2025-26-க்கு அது ஏறக்குறைய 207.8 மில்லியன். அதைத் தாண்டினால் வரி மட்டும் இல்லை, கையையும் கட்டிவிடுவார்கள். இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது. வெளியிலிருந்து ஆள் எடுக்கும் விதிவிலக்குத் தொகையும் கிடைக்காது. 2026-27-க்கு ஹார்டென்ஸ்டைனின் 28.5 மில்லியன், டோர்ட்டின் 17 மில்லியனுக்கும் மேல், இரண்டும் அணியின் ஆப்ஷன். செட், ஜேலன் இருவரின் புதுச் சம்பளமும் அதே வருடம் தொடங்குகிறது. எப்படிக் கூட்டினாலும் இடிக்கிறது. இரண்டு இரவு எக்செல் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 24 ஊர்வலத்துக்கு மகன் கிடியின் பழைய ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது, ஆனாலும் வேறு எதுவும் போடமாட்டேன் என்றான். ஒருவரும் முறைக்கவில்லை. வெயிலில் எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி அவனைப் பார்த்து, அந்தப் பிள்ளையும் சேர்ந்து கட்டினதுதான் இது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திரும்பி வரும் வழியில் புது ஜெர்சி வாங்கித் தருகிறேன், யாருடையது வேண்டும் என்று கேட்டேன். ஷேய் என்பான் என்று எதிர்பார்த்தேன். ஐந்தாம் எண் கேட்டான், டோர்ட்.

வாங்கிக் கொடுத்துவிட்டேன் அக்கா. இப்போது அது துவைத்துப் பின்கட்டில் காய்கிறது.