ஈராசிரியர் பள்ளி: நான்காம் வகுப்பில் மூன்று பேருக்கு வாசிப்பு வரவில்லை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஐந்து வகுப்பு, 34 பிள்ளைகள், ஆசிரியர் இரண்டே பேர். ஒன்று முதல் மூன்று வரை சக ஆசிரியை பார்க்கிறார். நான்கும் ஐந்தும் என்னிடம்.

நான்காம் வகுப்பில் மூன்று பேர், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இன்னும் அரும்பு நிலைதான், அதாவது முதல் படி. தனி எழுத்து தெரிகிறது. கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் தடுமாறுகிறார்கள். நேற்று ஒருத்தி 'கொடி' என்ற சொல்லை விரல் வைத்து 'கெ... ர... டி' என்று படித்தாள். துணைக்காலை ர என்றே எடுத்துக்கொள்கிறாள். இத்தனைக்கும் மனக்கணக்கில் அவள்தான் முதல் ஆள்.

ஜூனிலிருந்து எழுத்து அட்டை, மணலில் எழுதுவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மாலையில் அரை மணி நேரம் தனியாகவும் சொல்லித் தந்தேன். அதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சக ஆசிரியை பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். அப்புறம் எமிஸ் இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரப் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள்கூட அந்த அரை மணி கிடைப்பதில்லை. பெற்றோர் விடிவதற்குள் கூலி வேலைக்குக் கிளம்பிவிடுவதால் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: மற்ற வகுப்புகள் சும்மா இருக்காமல், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் கிடைக்கும்படி கால அட்டவணையை எப்படிப் பிரிக்கிறீர்கள்?