2001-ல் போட்ட தமிழ்ப் பக்கம் இப்போ கிறுக்கலா தெரியுது

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
எங்க கேரம் கிளப்புக்கு 2001-ல் செய்த இணையப் பக்கங்கள் ஒரு சிடியில் இருக்கு. திறந்தா ஒரு வரி புரியல. தமிழா மாத்த வழி உண்டா?

வண்ணை வாசி:
உண்டு. அப்போல்லாம் தளத்துக்கொரு எழுத்துரு, அது இல்லாட்டி கிறுக்கலாத்தான் தெரியும். "முதலில் இதை இறக்கிக்கொள்ளவும்"னு வாசலிலேயே பலகை தொங்கும். நோட்பேடில் திறந்து பாருங்க. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துன்னா டிஸ்கி அல்லது டேப்ங்கற பழைய தமிழ்க் குறியாக்கம். சாதா ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியும்னா பாமினிங்கற பழைய எழுத்துரு வகை. கோப்பில் எழுத்துருவைக் குறிக்கும் ஃபான்ட் டேக்கில் அதன் பெயரே இருக்கும். என்.எச்.எம். கன்வர்ட்டர்ங்கற எழுத்து மாற்றும் மென்பொருளில் அந்த வகையைத் தேர்ந்து, இப்போ எல்லா இடத்திலும் புழங்கும் யூனிகோடுக்கு மாத்துங்க.

காசிமேடு கரை:
அண்ணே சொன்னது சரி. ஆனா சிடியிலிருந்து நகல் எடுத்துட்டுக் கை வைங்க. பாமினின்னா முழுக் கோப்பையும் மாத்தாதீங்க, பக்கத்தை அமைக்கும் ஆங்கிலக் குறிகளான எச்டிஎம்எல் டேக்கும் தமிழாகி நாசமாயிடும். உள்ளே இருக்கும் வாசகத்தை மட்டும் மாத்தணும். டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என 3 துண்டு. யூனிகோடில் 'க' முன்னே வரணும். வெறும் ஃபைண்ட்-ரிப்ளேஸ் போட்டா கொம்பு முந்தின எழுத்தில் போய் ஒட்டிக்கும்.

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
எழுத்துரு பெயர் 'டிஎஸ்சி'ன்னு ஆரம்பிக்குது.

வண்ணை வாசி:
டிஸ்கியேதான். மாத்தின பிறகு ஃபான்ட் டேக்கை எடுத்துடுங்க. கோப்பின் மேலே, குறியாக்கத்தைச் சொல்லும் சார்செட் 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்'னு இருந்தா யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 ஆக்கி, கோப்பையும் அதிலேயே சேமிங்க. இதை மறந்தா மறுபடி கிறுக்கல்தான்.